கதவு திறக்காத நாத்தனார்

நாத்தனாரின் பையைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. பூச்சி அரித்துவிடுமோ என்று நான் போட்டு வைத்தவை. லேப்டாப் பைக்குள் பாச்சா உருண்டை போட்ட ஒரே பொம்பளை இந்தப் புதுச்சேரியிலேயே என் பெண்டாட்டிதான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே, அதே உருண்டைகள். தேய்ந்து மிளகளவாகி மூலையில் கிடந்தன. அந்த வாசனையோடு நீங்களும் எழுந்து வந்துவிடுவீர்கள் போலிருந்தது. சட்டென்று ஜிப்பை இழுத்து மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி திறந்தேன். மேசைமேல் வைத்து, ஒயரைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். நாத்தனார் விழித்துக்கொண்டாள். ஆனால் அவள் வயிற்றுக்குள்ளிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. டிக், டிக் என்று, பல்லி சொல்வதுபோல. பல்லி சொன்னாலே பயப்படுகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை ஞாபகமிருக்கிறதா? உங்கள் அண்ணன் பிரான்சிலிருந்து வக்கான்ஸுக்கு வந்திருந்தார். லீவை அவர் அப்படித்தான் சொல்வார், கேட்டுக் கேட்டு நமக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. தான் அங்கே வைத்திருந்த லேப்டாப்பை உங்களிடம் நீட்டி, "இந்தா தம்பி, என்னோட ஓர்தினாத்தர். நல்லாத்தான் ஓடுது, எனக்குப் புதுசு வாங்கிட்டேன்" என்றார். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு அதுதான் பெயராம். நீங்கள் முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கேட்டியா ஸ்டெல்லா, ஓர் நாத்தனாராம். கூடப்பொறந்த பொண்ணு இல்லாத வீட்டுல வாக்கப்பட்டுட்டோம்னு சந்தோஷப்பட்ட இல்ல? வந்துட்டா பாரு" என்றீர்கள். அண்ணனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அன்று முதல் அவள் நாத்தனார்தான்.

அவளுக்குள்தான் நீங்கள் எடுத்த வீடியோக்கள் எல்லாம் இருக்கின்றன. போன் நிறைந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளுக்குள் கொட்டுவீர்கள். என்னத்தை எடுத்தீர்கள்? காஸ் சிலிண்டர் வந்திறங்குவதை எடுத்தீர்கள். மூலக்குளத்தில் மழை பெய்தால், நம் தெரு முனையில் தேங்கும் தண்ணீரை எடுத்தீர்கள். வீராம்பட்டினம் தேரை எடுக்கிறேன் பேர்வழி என்று போய் ஊர்ச்சனத்தின் முதுகையெல்லாம் எடுத்து வந்தீர்கள். "பிள்ளையா குட்டியா, யாருங்க இதையெல்லாம் பார்க்கப் போறது?" என்று ஒருநாள் கேட்டேன். "நாம இருக்கோம், டிவி இருக்கு, வேற யாரு வேணும்?" என்று சொல்லிவிட்டீர்கள்.

இப்போது நான்தான் இருக்கிறேன். அந்த வீடியோ ஒன்றிலும் நீங்கள் இல்லை, எடுத்தவர் நீங்கள். உங்கள் குரல் மட்டும் ஓரத்தில் கேட்கும். உங்கள் போன், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் விழுந்தபோதே கூடவே விழுந்து நொறுங்கிவிட்டது. ஆக, உங்கள் குரல் இந்த உலகத்தில் நாத்தனாரின் வயிற்றில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வயிற்றில்தான் பல்லி சொல்கிறது.

இது நடக்கக்கூடாது என்றுதானே நாம் திட்டம் போட்டோம்?

அந்த மழைக்கால மாலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு சர்வர் வைக்கவேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்துவிட்டது. சர்வர் என்றதும், ஓட்டலில் தோசை கொண்டு வருகிறவரா என்று கேட்டேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். ஹாலில் ஒரு மூலையில் ஒரு பெட்டி எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். நம் போனில் இருப்பதும் நாத்தனாரிடம் இருப்பதும் தானாகவே அதற்குள் ஒரு பிரதி போய் உட்காரும். சோபாவில் உட்கார்ந்தபடி டிவியில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். "பரண்ல போட்டு வெக்கிற மாதிரிதான். ஆனா ஏணி போட்டு ஏற வேணாம்" என்றீர்கள். கையைக் கடிக்காமல் செய்யவேண்டும் என்பதும் உங்கள் கணக்கு. ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டீர்கள். பெட்டி பழசாக இருக்கலாம், டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கவேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது என்பது சட்டம்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். டிஸ்க் கெட்டுப்போனால்? "அப்ப ரெண்டு போடுவோம். ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுலயும் இருக்கும்." கரண்ட் போய்ப் போய் வந்தால்? "சின்னதா ஒரு யு.பி.எஸ்." தானே புயல் மாதிரி ஒன்று வந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால்? "கீழ வேணாம், மாதா படத்துக்கு மேல இருக்குற ஷெல்ப்புல வெச்சிடலாம்." மாதாவுக்கு மேல் வைக்கலாமா, பாவமில்லையா? "சரி, பக்கத்துல." வீடே போய்விட்டால்? அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தீர்கள். "மூணாவதா ஒரு காப்பி எடுத்து அண்ணன்கிட்ட குடுத்தனுப்பிடலாம். கடல் தாண்டி இருந்துட்டுப் போகட்டும்" என்றீர்கள். உப்புக் காற்று, எலி, ஒட்டடை, கரண்ட் பில் என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கு மூச்சு வாங்கி நிறுத்தினால் விடமாட்டீர்கள். "இன்னும் இன்னா பயம், சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பீர்கள். என் பயங்களையெல்லாம் கோத்து எடுத்ததுதான் அந்தத் திட்டம். வேறு யாராக இருந்தாலும் எரிச்சல் பட்டிருப்பார்கள்.

ஒரு பயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சொன்னால் பலித்துவிடுமோ என்று அதற்கும் பயம். புது டிஸ்க் வாங்குவதற்குள், சொல்லாமலே பலித்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. திருடன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் நம் வீட்டுப் படங்களையெல்லாம் பார்த்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதால்தான் நீங்கள் நாத்தனாருக்கு உள்ளேயே ஒரு பூட்டுப் போட்டீர்கள். பாஸ்வேர்டு இல்லாமல் எவனாலும் எதையும் பார்க்க முடியாது என்றீர்கள். என் பெயர், பின்னாலேயே நம் கல்யாணத் தேதி. "நமக்குள்ள இன்னா ரகசியம், நீயும் தெரிஞ்சி வெச்சிக்க" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கும் பத்திரமாகத்தான் ஞாபகமிருந்தது.

நாத்தனாரை ஒரு துண்டில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நேரு வீதிக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோக்காரரிடம் "பார்த்துப்பா, பார்த்து" என்றதில் அவர் கடுப்பாகிவிட்டார். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார். அதைப் பார்த்ததுமே எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. பிறகு அவளை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"டிஸ்க்கு சாவப் போவுதும்மா. அந்தச் சத்தம்தான் இது" என்றார். "சும்மா சும்மா ஓட்டாதீங்க. ஓட்ட ஓட்ட சீக்கிரம் போயிடும்."

"கழட்டி வேற எதுலயாவது போட்டு எடுக்க முடியாதா?"

"அப்படியும் பார்த்துட்டேன். டிஸ்க்குக்கே பூட்டு போட்டு வெச்சிருக்காரு சாரு. வேற மெஷின்ல ஒண்ணும் தெரியாது. பாஸ்வேர்டு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா? வீட்டுல போயி திறந்து, மொத வேலையா காப்பி எடுத்துடுங்க. இதோட கீபோர்டுல பாதி பட்டன் செத்துக் கெடக்குது, உப்புக் காத்து. தனி கீபோர்டு ஒண்ணு தரேன், சொருகிக்குங்க."

புது கீபோர்டோடு, இரண்டு டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் தாழிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தேன். புள்ளி புள்ளியாக விழுந்தது. மோ த பாஸ், அதாவது பாஸ்வேர்டு, தவறு என்றாள் நாத்தனார், பிரெஞ்சில். அவளைத் தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ மாற்ற நீங்கள் கடைசிவரை மெனக்கெடவில்லை. நானும் பார்த்துப் பார்த்து அந்த ஒரு வரியை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். அவசரத்தில் தப்பாக அடித்திருப்பேன் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மறுபடி அடித்தேன். தவறு. உள்ளே டிக், டிக். மூன்றாவது முறையும் தவறு என்றதும் அணைத்துவிட்டேன். நான் கதவைத் தட்டத் தட்ட உள்ளே இருப்பவர் செத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சாரு மாத்தியிருப்பாரும்மா. வீட்டுல சொல்லாம மாத்துறவங்க நெறைய பேரு இருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் வைத்துவிட்டார். நான்தான் யோசிக்க ஆரம்பித்தேன். ரகசியம் இல்லை என்று சொன்ன மனிதர் ஏன் மாற்றினார்? வேறொருத்தி என்றெல்லாம் நினைக்கவில்லை. அந்த அளவுக்கு உங்களுக்குச் சாமர்த்தியம் கிடையாது, மன்னியுங்கள். நான் நினைத்தது வேறு. உங்களுக்கு முன்னாலேயே நெஞ்சு வலித்திருக்கிறது. டாக்டரைப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்தப் பயந்தாங்கொள்ளியிடம் சொன்னால் தாங்கமாட்டாள் என்று எல்லாவற்றையும் நாத்தனாரிடம் கொடுத்துப் பூட்டிவிட்டீர்கள். அப்படியானால் உங்களைக் கொன்றது என் பயமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொல்ல நீங்கள் இல்லையே. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோவிலில் முழங்காலில் நின்றபோதுகூட, திறக்கவேண்டும் என்று வேண்டுவதா, திறக்கவே வேண்டாம் என்று வேண்டுவதா எனத் தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் கடைசியாக ஒருமுறை பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அமுக்கினால் புள்ளிகளுக்குப் பதில் எழுத்தே தெரியும் என்று நீங்கள் காட்டியிருந்தீர்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் அதைத் தொட்டதே இல்லை. தனியாக இருக்கும் வீட்டில் யார் பார்ப்பார்கள்? அன்று அமுக்கினேன்.

என் பெயரே அங்கே இல்லை. கடைசியில் 'ஏ' என்ற எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் 'கியூ' நின்றுகொண்டிருந்தது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் எண்களே இல்லை, கொக்கியும் கோடுமாக ஏதோ கிறுக்கல்.

ஸ்டெல்கியூ! வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

நாத்தனார் வந்த முதல் நாள் நீங்கள் அடித்ததும் இதையேதான். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த விரல்கள் உங்களுடையவை, கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கும். என் பெயரை அடித்துக்காட்டுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடித்தீர்கள், ஸ்டெல்கியூ என்று வந்தது. பிரான்ஸ்காரர்கள் நம் 'ஏ' இருக்கும் இடத்தில் 'கியூ'வை வைத்திருக்கிறார்கள். எண் அடிக்க ஷிப்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டுமாம். "இன்னா அக்கிரமம் பாரு ஸ்டெல்லா, ஒண்ணு ரெண்டு போடறதுக்குக் கூட ரெண்டு கை வேணுமாம்" என்று அலுத்துக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு மாதம் என்னை 'மிசஸ் கியூ' என்றே கூப்பிட்டீர்கள். "ரேஷன் கடையிலயும் கியூ, பேருலயும் கியூ" என்று வேறு.

நீங்கள் எதையும் மாற்றவில்லை. கடைக்காரர் கொடுத்த கீபோர்டுதான் இங்கிலீஷ், நாத்தனார் இன்னும் பிரெஞ்சிலேயே யோசித்துக்கொண்டிருக்கிறாள். 'ஏ' என்று அச்சடித்ததை நான் அமுக்கினால் அவள் 'கியூ' என்று எடுத்துக்கொள்கிறாள். புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. பிரான்ஸ் லேப்டாப்புக்கு நேரு வீதி கீபோர்டு மாட்டி, பாவம், புருஷனைச் சந்தேகப்பட்டேன்.

'ஏ' வேண்டிய இடத்தில் 'கியூ'வை அமுக்கினேன். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு தேதியை அடித்தேன். நாத்தனார் கதவைத் திறந்தாள்.

திறந்த சந்தோஷத்தை அனுபவிக்க நேரமில்லை. புது டிஸ்க்கைச் செருகி, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடித்து அதற்குள் இழுத்துவிட்டேன். பச்சைக் கோடு எறும்புபோல ஊர்ந்தது. டிக், டிக். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடக்கூடாதே என்று ஜெபமாலையை உருட்டினேன். பாதியில் கோடு நின்றுவிட்டது. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஏதோ ஒன்றை எடுக்க முடியவில்லை, அதை விட்டுவிட்டு மேலே போகலாமா என்று கேட்பதுபோலத் தெரிந்தது. போ என்றேன். மறுபடி ஊர்ந்தது. கடைசியில் கணக்குப் பார்த்தால் வராமல் போனது வீராம்பட்டினம் தேர் மட்டும். முதுகுகள் போய்விட்டன. முதுகுக்காரர்கள் மன்னிப்பார்கள்.

பிறகு தேடினேன். ஸ்கேன், மருந்துச் சீட்டு, டாக்டர் பெயர், எதுவாவது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எங்கும் இல்லை. நீங்கள் மறைக்கவில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அது ஆறுதலா, இன்னும் பெரிய துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயந்தாங்கொள்ளியான எனக்கு வராத நெஞ்சுவலி, எதற்கும் அஞ்சாத உங்களுக்கு வந்திருக்கிறது. மேசையில் தலையை வைத்து அழுது தீர்த்தேன்.

நாத்தனார் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பொத்தானை அழுத்தினால் சத்தம்கூட இல்லை.

நம் திட்டப்படியே செய்தேன். கடைக்காரர் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி, அதில் டிஸ்க் இரண்டையும் பூட்டிக்கொடுத்தார். "இவ்ளோ பழசுல ஓட்டறீங்களே, புதுசு பார்க்கலாமே" என்றார். பெட்டி பழசாக இருக்கலாம் என்று அவரிடம் உங்கள் சட்டத்தைச் சொன்னேன். மாதா படத்துக்குப் பக்கத்து ஷெல்ப்பில் உட்கார்ந்திருக்கிறது, பச்சை விளக்கோடு, யு.பி.எஸ்ஸோடு. மூன்றாவது பிரதி, மறுபடி வக்கான்ஸுக்கு வந்திருந்த உங்கள் அண்ணனின் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில், விமானம் ஏறிவிட்டது. ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேயில் அழிந்துவிடுமா என்று மட்டும் அவரைக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது ஸ்டெல்லா" என்றார் அவர். அவர் அங்கே போய், செருகிப் பார்த்து, எல்லாம் தெரிகிறது என்று சொல்லும்வரை நான் நம்பவில்லை.

இப்போது எல்லாம் பத்திரம். பயப்பட ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் டிவியில் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ரிமோட்டை எடுப்பதும் வைப்பதுமாகச் சில நாள் போயிற்று. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை அமுக்கினேன்.

அடுப்படி. முதுகைக் காட்டிக்கொண்டு நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறேன். நைட்டியில், கொண்டை அவிழ்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை. "ஏங்க, அது ஓடுதா?" என்று திரும்பாமலே கேட்கிறேன். "ஓடல ஓடல. சும்மா பேசு" என்கிறீர்கள். நான் நம்பிக்கொண்டு பேசுகிறேன். காஸ் டியூப் வெடித்திருப்பதாக, எதிர்வீட்டு நாய்க்கு வெறி பிடித்திருக்குமோ என்பதாக, ஓயாமல். அடுத்ததைப் போட்டேன். துணி மடிக்கிறேன். "ஓடுதா?" "ஓடல ஸ்டெல்லா, சும்மா பேசு." அதற்கடுத்ததிலும் அதுவேதான். காஸையும் மழையையும் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் எடுத்ததில் முக்கால்வாசி என் புலம்பல்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. அவ்வளவு பயத்தையும் நீங்கள் கேட்டுக்கொண்டது போதாதென்று சேர்த்தும் வைத்திருக்கிறீர்கள்.

சாயங்காலம் டிவியை ஓடவிட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அதில் தெரிவது என் முதுகுதானே, அதை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஹாலிலிருந்து உங்கள் குரல் வருகிறது. எப்போதும் வந்த பக்கத்திலிருந்தே, எனக்குப் பின்னாலிருந்து. ஓடவில்லை, சும்மா பேசு என்கிறீர்கள். வெங்காயம் அரிந்தபடி நானும் பேசுகிறேன். தண்ணீர் வராதது, முட்டி வலி, அண்ணன் போன் செய்தது, வானிலை அறிக்கையில் புதிதாக ஏதோ தாழ்வுநிலை என்றது. இப்போது எனக்கு ஒரே பயம், திரும்பிப் பார்ப்பதுதான். அதனால் அடுப்பைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருக்கிறேன்.